லினக்ஸ் கெர்னலில் காத்திருக்காமல் நினைவகத்தை நகலெடுப்பது: டிஎம்ஏ என்ஜினுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1920 × 1080 அளவுள்ள ஒரு வீடியோ ஃபிரேமில், புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட் இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் வந்தால் சுமார் 249 மெகாபைட்டை ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் எழுதியாக வேண்டும். மெம்காப்பி என்ற நகலெடுக்கும் ஃபங்ஷன் இதைச் சரியாகவே செய்துவிடும். ஆனால் அது முடியும்வரை அந்த சிபியு கோர் பைட்டுகளை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருக்கும். அந்தச் சுமையை வேறொரு வன்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு சிபியு தன் வேலையைப் பார்க்கப் போவதற்கு லினக்ஸ் கெர்னலில் முறையான வழி ஒன்று இருக்கிறது. டிஎம்ஏ என்ஜின் என்று பெயர். டிஎம்ஏ என்றால், சிபியு ஒவ்வொரு பைட்டையும் தொடாமல் வன்பொருளே நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதும் முறை.

சி மொழியில் சின்னதாக ஒரு கெர்னல் மாட்யூல் எழுதி ஏற்றிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி, அடிக்கோட்டோடு கொடுத்திருக்கிறேன். மூலநிரலில் அதே வரிசையில் ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

மாவு மில்லில் கோதுமை டின்னை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். டின்னை வைத்த நேரத்திலிருந்து மாவு கைக்கு வரும்வரை அந்த டின் நம்முடையதல்ல. இடையில் அதை எடுத்து வேறு எதையாவது போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். ஃபங்ஷன் பெயர்களை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். 'இந்த நொடியில் இந்த பஃபர் யாருடையது?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு வரியிலும் பதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் வரும் பெரிய பிழைகள் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட இடத்தில்தான் முளைக்கின்றன.

அதற்குக் கெர்னலின் சொந்த வரலாறே சாட்சி. டிஎம்ஏ என்ஜின் 2006இல் 2.6.18 பதிப்பில் நுழைந்தது. இன்டெல்லின் ஐஓஏடி என்ற சர்வர் வன்பொருளுக்காக கிறிஸ் லீச் எழுதியது. நெட்வொர்க்கில் வந்த தரவைக் கெர்னல் பஃபரிலிருந்து பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் வேலையை சிபியுவிடமிருந்து பிடுங்கி வன்பொருளிடம் கொடுப்பதுதான் முதல் நோக்கம். அந்த வசதிக்கு நெட் டிஎம்ஏ என்று பெயர். யோசனை அழகானது. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. பயனரின் நினைவகப் பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வன்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, காப்பி ஆன் ரைட் முறையில் (பகிர்ந்த பக்கத்தில் எழுதும்போது தனி நகல் தருவது) அந்தப் புராசஸுக்கு வேறு பக்கம் மாற்றித் தரப்படலாம். அப்போது வன்பொருள் பழைய பக்கத்தில் எழுதி முடிக்கும், நிரலோ புதிய பக்கத்தைப் படிக்கும், வந்த தரவு காணாமல் போயிருக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் நெட் டிஎம்ஏவை முதலில் பழுதானது என்று குறித்தார்கள். 2014இல் மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள். நகலெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடம் யாருடையது என்பதில்தான் தவறு.

எந்த வழியாகப் போவது

கெர்னலுக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிஎம்ஏ என்ஜினை நேரடியாகக் கூப்பிடுவது. சேனல் (வேலை ஓடும் பாதை), டிஸ்கிரிப்டர் (ஒரு வேலையின் விவரக் குறிப்பு), மேப்பிங் (வன்பொருளுக்குப் புரியும் முகவரி வாங்குவது) எல்லாம் நம் பொறுப்பு. இன்னொன்று, அதன் மேல் டேன் வில்லியம்ஸ் எழுதி 2007இல் 2.6.23இல் சேர்ந்த அசிங்க் டிஎக்ஸ் அடுக்கு. வன்பொருள் இருந்தால் அதில் ஓட்டும், இல்லையென்றால் சிபியுவிலேயே செய்து கொடுத்துவிடும். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5, ரெய்டு 6 மென்பொருள் டிரைவர் இதைத்தான் நம்பியிருக்கிறது.

முதலில் நேரடி வழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இரண்டாவதைப் பயன்படுத்தினால், பிழை வரும் நாளில் எங்கே தேடுவது என்றே தெரியாது.

படி 1: வன்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லா டிஎம்ஏ கன்ட்ரோலரும் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகலெடுக்காது. பல கன்ட்ரோலர்கள் ஒரு பக்கம் சீரியல் போர்ட், ஒலிச் சிப் போன்ற சாதனம் இருந்தால்தான் வேலை செய்யும். ஆர்ம் போர்டுகளில் பரவலாக இருக்கும் பிஎல்330, ராஸ்பெர்ரி பையின் பிராட்காம் சிப்பில் உள்ள கன்ட்ரோலர், இன்டெல் சர்வர்களின் ஐஓஏடி ஆகியவற்றில் மெம்காப்பி வசதி உண்டு. கையில் எதுவும் இல்லையென்றால் க்யூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஜைலின்க்ஸ் ஜிங்க் போர்டை எழுப்புங்கள். அதில் பிஎல்330 சேர்ந்தே வருகிறது. வேகத்தை அளக்க அது உதவாது, நிரலின் ஓட்டத்தைப் பழக அது போதும்.

கெர்னல் தன் சாதன விவரங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் கிளாஸ் அடைவுக்குள் டிஎம்ஏ என்ற அடைவைத் திறந்தால் இருக்கும் சேனல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். முதல் கன்ட்ரோலரின் முதல் சேனல் 'டிஎம்ஏ0சேன்0' என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் இன்_யூஸ் கோப்பு அதை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று சொல்லும்.

அப்புறம், நம் நிரலில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூலை ஓட்டிப் பாருங்கள். இது கெர்னலோடேயே வருகிறது. மாட்யூலின் பாராமீட்டர் அடைவில் சேனல் பெயரை எழுதி, சுற்றுகளின் எண்ணிக்கையைக் கொடுத்து, ரன் கோப்பில் 1 என்று எழுதினால் ஓடத் தொடங்கும். முடிவு கெர்னல் லாக்கில் வரும். இயல்பாக 16,384 பைட் பஃபரை வைத்துச் சோதிக்கும். நகலான பகுதி சரியா என்று மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் இருந்த பைட்டுகள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்க்கும். இதிலேயே தோல்வி வந்தால் உங்கள் நிரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலோ டிரைவரிலோ சிக்கல் இருக்கிறது, அதை முதலில் முடியுங்கள்.

படி 2: சேனலைக் கேட்டு வாங்குவது

டிஎம்ஏ_கேப்_மாஸ்க்_டி வகையில் ஒரு மாஸ்க் எடுத்து, டிஎம்ஏ_கேப்_ஜீரோவால் துடைத்து, டிஎம்ஏ_கேப்_செட்டால் மெம்காப்பி பிட்டை வையுங்கள். அதை டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_சேன்_பை_மாஸ்க் ஃபங்ஷனிடம் கொடுத்தால் ஒரு சேனல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அது நல் தராது, பிழை எண்ணைப் பொதிந்த பாயின்டரைத் தரும். அதனால் இஸ்_எர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பழைய டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_சேனல் நல் தரும். பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் புது ஃபங்ஷனுக்கு மாறும்போது இந்தச் சோதனையை மாற்ற மறப்பவர்கள் நிறைய பேர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேனல்களை எல்லோருக்கும் பொதுவாகவும் வைக்கலாம், ஒருவருக்கு மட்டும் தனியாகவும் கொடுக்கலாம். அசிங்க் டிஎக்ஸ் வன்பொருள் ஆதரவோடு கட்டப்பட்டு ரெய்டு மாட்யூல் முன்பே ஏறியிருந்தால், அது சேனல்களைப் பொதுவில் பிடித்துவிடும். அப்போது தனிச் சேனல் கேட்கும் உங்களுக்கு 'சாதனம் இல்லை' என்ற பதில் வரும். வன்பொருள் கண்ணெதிரே இருக்கும், சிஸ்எஃப்எஸ்ஸிலும் தெரியும், ஆனாலும் கிடைக்காது. கெர்னலில் டிஎம்ஏ சாதனம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால் வரும் பிழை வேறு, பிறகு முயலச் சொல்லும் புரோப் டிஃபர். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

இந்த ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்தவை. மாட்யூலின் லைசென்ஸ் வரியை விட்டால் கட்டும்போதோ ஏற்றும்போதோ நின்றுவிடும்.

படி 3: பஃபர்

கேமல்லாக் தரும் நினைவகம் போதும். பெரிய அளவு வேண்டுமென்றால் பக்கங்களாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாக்கில் உள்ள அரேயை டிஎம்ஏவுக்குக் கொடுக்கவே கூடாது. 4.9 பதிப்பிலிருந்து எக்ஸ்86இல் கெர்னல் ஸ்டாக்கையே விமல்லாக் பகுதியில் (இயற்பியல் முகவரிகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லாத பகுதி) வைக்க முடிகிறது. அப்படிப்பட்ட முகவரியை ஒற்றை மேப்பிங்கில் கொடுத்தால் இயற்பியல் முகவரிக் கணக்கே தப்பாகிவிடும். விமல்லாக் பஃபருக்கும் இதே கதிதான்.

இன்னொன்று கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் சில பைட்டுகள். பஃபரின் கடைசிப் பகுதியும் வேறொரு மாறியும் ஒரே கேஷ் வரியில் குடியிருந்தால், ஆர்ம் போன்ற இடங்களில் ஒன்றின் கேஷைச் செல்லாததாக்கும்போது மற்றதில் எழுதியதும் சேர்ந்து போய்விடும். அதனால் டிஎம்ஏ பஃபரை ஒரு ஸ்ட்ரக்டின் நடுவில் மற்ற ஃபீல்டுகளோடு சேர்த்து வைக்காதீர்கள். தனியாக வாங்கி, பாயின்டரை மட்டும் வையுங்கள்.

சில வன்பொருளுக்கு முகவரியும் நீளமும் குறிப்பிட்ட எல்லையில் தொடங்க வேண்டும். டிஎம்ஏ_டிவைஸ் ஸ்ட்ரக்டில் உள்ள காப்பி_அலைன் அதைச் சொல்லும். அது இரண்டின் அடுக்காக இருக்கும்: 2 என்றால் 4 பைட், 3 என்றால் 8 பைட். இஸ்_டிஎம்ஏ_காப்பி_அலைண்ட் ஃபங்ஷன் உங்களுக்காகச் சோதித்துச் சொல்லும்.

படி 4: மேப்பிங், அதாவது டின்னை ஒப்படைப்பது

பஃபரின் மெய்நிகர் முகவரி வன்பொருளுக்குப் புரியாது. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் கூப்பிட்டு, வன்பொருளுக்குப் புரியும் முகவரியை வாங்க வேண்டும். அதில் முதல் ஆர்க்யுமென்ட்டாக எந்த டிவைஸைக் கொடுப்பது என்பதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் டிரைவரின் டிவைஸ் அல்ல. நகலெடுக்கப் போவது டிஎம்ஏ கன்ட்ரோலர், ஆகவே சேனலுக்குள் இருக்கும் டிவைஸ், அதற்குள் இருக்கும் டெவ். சாதனங்கள் தரும் முகவரிகளை மாற்றிக் காவல் காக்கும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் இருக்கும் கணினியில் அந்த முகவரி அந்த ஒரு சாதனத்துக்கு மட்டுமே செல்லும். வேறு சாதனத்தின் பெயரில் வாங்கிய முகவரியைக் கொடுத்தால் ஐஓஎம்எம்யூ வாசலிலேயே தடுத்துவிடும்.

திசையும் குழப்பும். மூலப் பஃபருக்கு டிஎம்ஏ_டு_டிவைஸ், சேரும் பஃபருக்கு டிஎம்ஏ_ஃப்ரம்_டிவைஸ். டிவைஸ் என்ற சொல் இங்கே டிஎம்ஏ கன்ட்ரோலரைக் குறிக்கிறது. மூலத்திலிருந்து தரவு அதற்குள் போகிறது, அதிலிருந்து சேருமிடத்துக்கு வருகிறது. இப்படி நினைத்தால் மாறாது.

மேப் செய்த ஒவ்வொன்றையும் டிஎம்ஏ_மேப்பிங்_எரர் வைத்துச் சோதியுங்கள். முகவரி பூஜ்யமா என்று பார்த்தால் போதாது, சில கணினிகளில் பூஜ்யமே சரியான முகவரியாக இருக்கலாம்.

மேப் செய்த நொடியில் பஃபர் கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு சிபியு அதைப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எக்ஸ்86 கணினியில் கேஷும் டிஎம்ஏவும் தாமாகவே ஒத்துப்போவதால் இந்த விதியை மீறினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. மேசைக் கணினியில் மாதக்கணக்கில் சரியாக ஓடிய நிரல் ஆர்ம் போர்டில் ஏறிய அன்றே பழைய தரவைக் காட்டும். எக்ஸ்86இலும் ஸ்விஐஓடிஎல்பி என்ற இடைநிலைப் பஃபர் வழியாகப் போகும்போது, அன்மேப் செய்யும் நேரத்தில்தான் உண்மையான தரவு உங்கள் பஃபருக்கு வந்து சேரும். அன்மேப் செய்யாமல் படித்தால் கிடைப்பது பழையதுதான்.

ஒரே பஃபரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் மேப், அன்மேப் செய்ய வேண்டாம். டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியு நம் கைக்கு வாங்கும், டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_டிவைஸ் திருப்பிக் கொடுக்கும்.

படி 5: டிஸ்கிரிப்டர்

டிஎம்ஏஎன்ஜின்_ப்ரெப்_டிஎம்ஏ_மெம்காப்பி ஃபங்ஷனிடம் சேனல், சேருமிட முகவரி, மூல முகவரி, நீளம், ஃபிளாக் ஆகியவற்றை இந்த வரிசையில் கொடுங்கள். மெம்காப்பியைப் போலவே சேருமிடம்தான் முதலில் வரும். ஃபிளாக்கில் இரண்டு வேண்டும். டிஎம்ஏ_ப்ரெப்_இன்டரப்ட் இருந்தால்தான் முடிந்ததும் அறிவிப்பு வரும். டிஎம்ஏ_கன்ட்ரோல்_ஆக், 'இந்த டிஸ்கிரிப்டரை நம்பி வேறு வேலை எதையும் பின்னால் கோக்கப் போவதில்லை, முடிந்ததும் எடுத்துக்கொள்' என்று டிரைவருக்குச் சொல்கிறது. மூலநிரலில் இதன் நடுச்சொல்லைச் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

நல் வந்தால் பதறாதீர்கள். டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்திருக்கலாம், அல்லது நீளம், எல்லை ஒத்துவராமல் இருக்கலாம். வரிசையில் நிற்பதை ஓடவிட்டு மறுபடி முயலலாம். இல்லையென்றால் இரண்டு பஃபரையும் அன்மேப் செய்துவிட்டு சாதாரண மெம்காப்பிக்குப் போகலாம். இந்த மாற்றுவழி எப்போதும் நிரலில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வன்பொருள் உதவி கிடைக்கவில்லை என்பதற்காகப் பயனரின் வேலை நிற்கக் கூடாது.

டிஸ்கிரிப்டர் கிடைத்ததும் கால்பேக்கையும் (வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் நம் ஃபங்ஷன்) அதன் பாராமீட்டரையும் அதில் எழுதி, உடனே சமர்ப்பித்துவிடுங்கள். சில டிரைவர்கள் ப்ரெப்புக்கும் சப்மிட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பின்லாக்கைப் பிடித்தபடியே இருக்கும். கெர்னல் ஆவணமும் இதைச் சொல்லி எச்சரிக்கிறது. நடுவில் கேமல்லாக் கூப்பிடுவது, தூங்குவது, 'வேண்டாம்' என்று திரும்பிவிடுவது எதுவும் கூடாது. தேவையானதை எல்லாம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டு வாருங்கள்.

படி 6: சமர்ப்பிப்பதும் கிளப்பிவிடுவதும்

டிஎம்ஏஎன்ஜின்_சப்மிட் ஒரு குக்கியைத் தரும். அது ஓர் எண், மில்லில் தரும் டோக்கன் மாதிரி. டிஎம்ஏ_சப்மிட்_எரர் வைத்து அது சரியானதா என்று பாருங்கள்.

இப்போது வேலை ஓடிக்கொண்டிருக்கிறதா? இல்லை. வரிசையில் மட்டும் நிற்கிறது. டிஎம்ஏ_அசிங்க்_இஷ்யூ_பெண்டிங் கூப்பிட்டால்தான் வன்பொருள் கிளம்பும். புதிதாக எழுதுகிறவர்கள் 'கால்பேக் வரவே இல்லை' என்று சொன்னால் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். பாதி நேரம் அது இருக்காது.

ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்பது புரிந்தால் மறக்காது. வன்பொருளுக்குத் தகவல் சொல்ல அதன் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்த எழுத்து சிபியுவின் சொந்த வேலைகளோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. பத்து நகல் இருந்தால் பத்தையும் சப்மிட் செய்துவிட்டு ஒரே ஒரு முறை மணி அடித்தால் போதும்.

படி 7: முடிந்தது என்று அறிவது

கால்பேக் வழக்கமாக, இன்டரப்டுக்குப் பின் ஓடும் டாஸ்க்லெட்டிலிருந்து வரும். அங்கே தூங்க முடியாது: மியூடெக்ஸ் கிடையாது, தூங்கக்கூடிய நினைவகக் கோரிக்கை கிடையாது, பயனர் நினைவகத்தைத் தொடவும் கூடாது. கம்ப்ளீட் கூப்பிடலாம், வொர்க் க்யூவில் வேலையைப் போடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாதாரண கால்பேக்குக்குப் பதிலாக கால்பேக்_ரிசல்ட் என்ற ஃபீல்டை நிரப்பினால், படிப்பதில் தோல்வியா, எழுதுவதில் தோல்வியா, கைவிடப்பட்டதா என்ற விவரமும் சேர்ந்து வரும். டிரைவர் ஆதரித்தால் இதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கால்பேக் வந்த பிறகு டிஎம்ஏ_அசிங்க்_இஸ்_டிஎக்ஸ்_கம்ப்ளீட்டிடம் குக்கியைக் காட்டி நிலையைக் கேளுங்கள். கால்பேக் வந்துவிட்டது என்பதாலேயே நகல் நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காத்திருக்கவே வேண்டிய இடத்தில் டிஎம்ஏ_சிங்க்_வெயிட் இருக்கிறது. ஆனால் அது 5 நொடி வரை சிபியுவைச் சுழலவிட்டபடி காத்திருக்கும். எந்தச் சிபியு நேரத்தை மிச்சப்படுத்த வந்தோமோ அதையே எரிப்பதால், சோதனை நிரலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: நேரம் தாண்டினால்

இந்தப் படியை நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஆரம்பத்தில் எழுதிய டிரைவர் ஒன்றில் 100 மில்லிநொடி காத்திருந்து, பதில் வராவிட்டால் பஃபரை விடுவித்து, பிழை எண்ணோடு திரும்பிவிடுவேன். பார்க்க ஒழுங்கான நிரல். போர்டு மட்டும் சில நாட்களுக்கு ஒரு முறை சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். ஒரு நாள் கோப்புப் பெயர்கள் குப்பையாகத் தெரியும், இன்னொரு நாள் நெட்வொர்க் அடுக்கில் பானிக் வரும். மூன்று வாரம் கோப்பு முறையையும் ரேம் சிப்பையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் என் நிரல்தான். நான் காத்திருப்பதை நிறுத்தினேன், வன்பொருள் எழுதுவதை நிறுத்தவில்லை. 100 மில்லிநொடி தாண்டி அது எழுதி முடித்தபோது அந்த நினைவகம் வேறு யாருக்கோ போயிருந்தது.

கேசான் போன்ற நினைவகப் பிழை பிடிக்கும் கருவிகள் இதைப் பிடிக்காது. அவை சிபியு செய்யும் எழுத்தைத்தான் கண்காணிக்கின்றன. சாதனம் நேரடியாக எழுதுவது அவற்றின் கண்ணில் படாது.

ஆகவே நேரம் தாண்டினால் முதலில் டிஎம்ஏஎன்ஜின்_டெர்மினேட்_சிங்க் கூப்பிட்டு வன்பொருளை நிறுத்துங்கள். அது வெற்றியோடு திரும்பினால், நகல் நின்றுவிட்டது, ஓடிக்கொண்டிருந்த கால்பேக்கும் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அன்மேப், அதற்குப் பிறகுதான் விடுவிப்பு. இந்த ஃபங்ஷன் தூங்கக்கூடியது. இன்டரப்டிலிருந்தோ கால்பேக்குக்குள்ளிருந்தோ கூப்பிட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் டிஎம்ஏஎன்ஜின்_டெர்மினேட்_அசிங்க் கூப்பிட்டுவிட்டு, பிறகு தூங்கக்கூடிய இடத்துக்கு வந்ததும் டிஎம்ஏஎன்ஜின்_சிங்க்ரனைஸ் கூப்பிட வேண்டும்.

டிரைவரில் நிறுத்தும் வசதியே இல்லையென்றால் இந்த ஃபங்ஷன் பிழை தரும். அதனால் அதன் பதிலைக் கட்டாயம் பாருங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் பஃபரை விடுவிக்காதீர்கள். லாக்கில் எழுதிவிட்டு, அந்த நினைவகத்தை அப்படியே விட்டுவிடுங்கள். சில கிலோபைட் கசிவதை ரீபூட் சரிசெய்துவிடும். வேறொருவரின் தரவுக்கு மேல் எழுதியதை எதுவும் சரிசெய்யாது.

இதே பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. கம்ப்ளீஷன் ஸ்ட்ரக்டை லோக்கல் மாறியாக வைத்து, நேரம் தாண்டியதும் ஃபங்ஷனிலிருந்து திரும்பிவிட்டால், தாமதமாக வரும் கால்பேக் இல்லாத ஸ்டாக்கில் போய் எழுதும். இதில் யாரும் சறுக்கலாம். டிஎம்ஏடெஸ்ட் மாட்யூலிலேயே காத்திருப்பு வரிசை ஸ்டாக்கில் இருந்து, ஸ்பின்லாக் கெடும் அளவுக்குப் போய், 2017இல் அதை திரெட்டின் சொந்த ஸ்ட்ரக்டுக்கு மாற்றித் திருத்தினார்கள். உங்கள் நிரலில் பஃபர், மேப்பிங் முகவரிகள், கம்ப்ளீஷன், குக்கி எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்து, அதற்கு ஒரு கேரெஃப் (பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கையை வைத்திருப்பது) கொடுங்கள். காத்திருப்பவருக்கு ஒன்று, கால்பேக்குக்கு ஒன்று என இரண்டு பிடிப்பு. கடைசியாக விடுபவர் விடுவிக்கட்டும். கால்பேக் வராமலே நிறுத்தப்பட்டுவிட்டால், டெர்மினேட் செய்தவர்தான் அதன் பிடிப்பையும் சேர்த்து விட வேண்டும்.

படி 9: திரும்ப வாங்குவது

முடிந்ததும் டிஎம்ஏ_அன்மேப்_சிங்கிள், மேப் செய்த அதே டிவைஸ், அதே நீளம், அதே திசையோடு. அதன் பிறகு சேருமிடத்தைப் படிக்கலாம். சேனல் இனித் தேவையில்லை என்றால் டிஎம்ஏ_ரிலீஸ்_சேனல்.

மாட்யூலை இறக்கும்போது வரிசை முக்கியம். முதலில் புது வேலை வராமல் தடுங்கள், அடுத்து டெர்மினேட், பிறகு அன்மேப், பிறகு சேனல், கடைசியில் நினைவகம். கால்பேக் ஃபங்ஷன் உங்கள் மாட்யூலுக்குள்தான் இருக்கிறது. மாட்யூல் போன பிறகு கால்பேக் வந்தால் கூப்பிட அங்கே நிரலே இருக்காது.

அசிங்க் டிஎக்ஸ் வழி

மேலே சொன்னதில் பாதி வேலையை அசிங்க்_மெம்காப்பி தானே செய்துகொள்ளும். முகவரிக்குப் பதில் பக்கங்களையும் ஆஃப்செட்டையும் கொடுக்க வேண்டும். கூடவே இனிட்_அசிங்க்_சப்மிட் வைத்து ஃபிளாக், எதை நம்பி இது நிற்கிறது என்ற முந்தைய டிஸ்கிரிப்டர், கால்பேக் ஆகியவற்றை நிரப்பித் தர வேண்டும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது திரும்பி வரும் மதிப்பு. நல் வந்தால் பிழை இல்லை, நகல் சிபியுவிலேயே செய்து முடிந்துவிட்டது என்று பொருள். கால்பேக்கும் அதற்குள் ஓடியிருக்கும். நல் இல்லாமல் டிஸ்கிரிப்டர் வந்தால்தான் வேலை வரிசையில் நிற்கிறது. மற்ற கெர்னல் ஃபங்ஷன்களில் பழகிய கைக்கு இது நேர் தலைகீழாகத் தோன்றும்.

ஒன்றன்பின் ஒன்றாக வேலைகளைக் கோப்பதுதான் இந்த அடுக்கின் உண்மையான பலம். ரெய்டு 5 ஓர் எழுத்துக்கு, தரவை ஸ்ட்ரைப் கேஷுக்குள் நகலெடுத்து, அதன் மேல் எக்ஸ்ஓஆர் கணக்கிட்டு, பிறகு வட்டுக்கு அனுப்ப வேண்டும். நகலின் டிஸ்கிரிப்டரை எக்ஸ்ஓஆருக்குச் சார்பாகக் கொடுத்துவிட்டால், நடுவில் சிபியு காத்திருக்காமலே இரண்டும் வரிசையாக ஓடும். பின்னால் ஒன்றும் கோக்கப் போவதில்லை என்றால் அசிங்க்_டிஎக்ஸ்_ஆக் ஃபிளாக்கைக் கொடுத்துவிட வேண்டும். ஒப்புதல் தராத டிஸ்கிரிப்டரை டிரைவரால் மறுபடி பயன்படுத்த முடியாது, அவை சேர்ந்துகொண்டே போகும்.

கால்பேக்குக்குள்ளிருந்து புது அசிங்க் டிஎக்ஸ் வேலையைச் சமர்ப்பிக்கக் கூடாது. சிபியுவில் ஓடும்போது அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போகும். வன்பொருளில் ஓடும்போது ஒரே ஸ்பின்லாக்கை இரண்டு முறை பிடிக்கப் பார்க்கும். இன்டரப்ட் சூழலிலிருந்தும் கூப்பிடக் கூடாது.

எப்போது இதெல்லாம் வேண்டாம்

சின்ன நகலுக்கு வேண்டவே வேண்டாம். மேப்பிங், டிஸ்கிரிப்டர், ரெஜிஸ்டர் எழுத்து, இன்டரப்ட், டாஸ்க்லெட் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. சில நூறு பைட்டை சிபியு அதற்குள் நகலெடுத்து முடித்து அடுத்த வேலைக்குப் போயிருக்கும். நெட் டிஎம்ஏவில்கூட குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வன்பொருளுக்குப் போகாதபடி டிசிபி_டிஎம்ஏ_காப்பிபிரேக் என்ற அமைப்பு இருந்தது. நகலான தரவை அடுத்த நொடியே சிபியு படிக்கப் போகிறது என்றாலும் யோசியுங்கள். மெம்காப்பி செய்திருந்தால் அது கேஷில் சூடாக இருந்திருக்கும்.

எல்லை எவ்வளவு என்று யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் போர்டில் அளந்து பாருங்கள். 4 கிலோபைட்டில் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே 4 மெகாபைட் வரை இரண்டு வழியிலும் ஓட்டி, எடுத்த நேரத்தோடு சிபியு பயன்பாட்டையும் குறியுங்கள். நேரம் சற்றுக் கூடினாலும் சிபியு பாதியாகக் குறைந்தால் சில இடங்களில் அதுதான் வெற்றி.

இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஜியான் சிப்புகளில் வந்த டேட்டா ஸ்ட்ரீமிங் ஆக்சிலரேட்டர் இந்தக் கணக்கை மாற்றுகிறது. அதன் ஐடிஎக்ஸ்டி டிரைவர் 2020இல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது. 64 பைட் டிஸ்கிரிப்டரைப் பயனர் நிரலே ஒற்றைக் கட்டளையில் வன்பொருளுக்கு அனுப்ப முடியும், கெர்னலுக்குள் போய்வரும் செலவு இல்லை. முடிந்ததும் வன்பொருள் நினைவகத்தில் ஒரு பதிவை எழுதிவைக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பதிவு வரும்வரை பஃபர் உங்களுடையதல்ல என்ற விதி அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது.

பிழை பிடிக்கும் கெர்னல்

சோதனைக்கென்று தனியாக ஒரு கெர்னலைக் கட்டிக்கொள்ளுங்கள். அதில் டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் அமைப்பை இயக்குங்கள். மேப் செய்ததை அன்மேப் செய்யாமல் விட்டது, திசை மாற்றி அன்மேப் செய்தது, மேப்பிங் பிழையைச் சோதிக்காமல் விட்டது, ஸ்டாக் முகவரியைக் கொடுத்தது எல்லாவற்றையும் லாக்கில் காட்டிக்கொடுக்கும். ஐஓஎம்எம்யூ உள்ள கணினி என்றால் அதைக் கறாரான முறையில் ஓடவிடுங்கள். பூட் வரியில் ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட் என்பதற்கு 1. சோம்பல் முறையில் அன்மேப் செய்த பிறகும் பழைய முகவரி கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கலாம். கறாரான முறையில் அன்மேப் முடிந்த உடனேயே அது செல்லாது. தாமதமாக எழுத வரும் வன்பொருளை ஐஓஎம்எம்யூ தடுத்து, எந்தச் சாதனம் எந்த முகவரியில் எழுதப் பார்த்தது என்று லாக்கில் போடும். என் மூன்று வாரத் தேடல், ஐஓஎம்எம்யூ உள்ள வேறொரு போர்டில் இதை இயக்கிய அன்று மாலையே முடிந்தது.

அப்புறம் வேண்டுமென்றே நேரத்தைத் தாண்ட வையுங்கள். காத்திருக்கும் நேரத்தை ஒரு ஜிஃபி (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) அளவுக்குக் குறைத்து, 4 மெகாபைட் நகல்களை இரவு முழுக்க ஓடவிட்டு, நடுநடுவே மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். இயல்பான ஓட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாதையில் நிரல் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான முறை போய் வரும். காலையில் லாக்கைத் திறந்து, முதல் எச்சரிக்கை எந்த வரியில் இருக்கிறதோ அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.